புதுப்பிப்பு: கருவேல விறகு ஏற்ற எந்த வண்டி?

எங்கள் கரிசல் காட்டில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல விறகை ரோட்டுக்குக் கொண்டுவர குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியா, டிராக்டரா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் குட்டியானையைத்தான் இறக்கினேன். மேலே காய்ந்திருந்தாலும் மண்ணுக்கு அடியில் ஈரம். பாதி லோடிலேயே பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. அப்புறம், டிராக்டரை மட்டும் உள்ளே விட்டு ரோட்டோரம் குவியுங்கள், அங்கிருந்து குட்டியானையில் ஏற்றுங்கள் என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. டிரெய்லரை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பவில்லை. 4 நடையில் வேலை முடிந்தது.

எதிர்பாராதது முள். டிராக்டரின் பெரிய டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, டிரெய்லர் டயரில் 2 பஞ்சர். பிடுங்கிப் பார்த்தால் விரல் நீளம். வண்டித் தடத்தில் கிடக்கும் மிலாறுகளை (சிறு குச்சிகளை) முதலிலேயே கூட்டி ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த முள்ளும் டயரைத் துளைக்கும்.