சாரெவெட்ஸ் கோட்டை, பல்கேரியா: ஒரு நாள் போதுமா? மூட்டு வலி உள்ளவங்க ஏற முடியுமா?

மேலவாசல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா அக்டோபர் முதல் வாரம் பாளையங்கோட்டையில இருந்து ஜெர்மனியில அண்ணன் வீட்டுக்குப் போறாங்க. அங்க இருந்து நாலு பேரா பல்கேரியா போயி வெலிகோ தர்னோவோ ஊர்ல உள்ள சாரெவெட்ஸ் மலைக்கோட்டையைப் பாக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. மூணு முழு நாள் கிடைக்கும். கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? எந்த வரிசையில பாக்கணும்? அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வலி, சமதளத்துல ஒரு கிலோமீட்டர் நடப்பாங்க, படி கஷ்டம். சுத்த சைவம் வேற. விசா, பணம், பஸ் விவரமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சித்தாறு

கோட்டைக்கு மட்டும் மூணு மணி நேரம் வைங்க. அடிவாரத்துல உள்ள அசெனோவா பகுதியையும் சேர்த்தா ஒரு முழு நாள் ஆயிரும். அதுக்குக் குறைச்சா அப்பா வருத்தப்படுவாங்க.

பலர் டிக்கெட் வாங்கின உடனே உச்சியில தெரியுற தேவாலயத்தைப் பாத்து நேரா ஏறிருவாங்க. படம் எடுத்துட்டு இறங்கும்போது கால் தளர்ந்து மத்ததை விட்டுருவாங்க. இந்தக் கோட்டையோட உயிர் வாசல்லதான் இருக்கு. யான்த்ரா ஆறு மலையை மூணு பக்கம் வளைச்சு ஓடுது, கரையெல்லாம் செங்குத்து. மேற்குப் பக்கம் மட்டும் ஒரு ஒடுங்கின பாறைக் கழுத்து மலையை ஊரோட சேர்க்குது. அந்தக் கழுத்தையும் வெட்டித் தூக்குப்பாலம் போட்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மூணு வாசல் வச்சிருக்காங்க. முதல் வாசலை உடைச்சு வந்த படை, ரெண்டு பக்கமும் பள்ளம் இருக்க, ஒடுங்கின வழியில வரிசையாத்தான் அடுத்த வாசலுக்குப் போக முடியும். அங்க நின்னு முன்னும் பின்னும் திரும்பிப் பாருங்க. எதுக்கு இந்த மலையைத் தலைநகரா எடுத்தாங்கன்னு அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

மூணாவது வாசல் தாண்டினதும் வலது பக்கம் தெற்கு மதிலை ஒட்டிப் போங்க. அந்தக் கோடியில பால்ட்வின் கோபுரம். 1204-ல நாலாவது சிலுவைப் போர்க்காரங்க கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிச்சு, ஃபிளாண்டர்ஸ் பிரபு பால்ட்வினைப் பேரரசராக்கினாங்க. அடுத்த வருசமே, 1205 ஏப்ரல் 14-ல, அட்ரியநோபிள் போர்ல பல்கேரிய அரசர் கலோயன் அவரைச் சிறைபிடிச்சு இங்க கொண்டுவந்தார். பால்ட்வின் சிறையிலேயே இறந்தார். அவரை அடைச்சது இந்தக் கோபுரத்துலதான்கிறது ஊர் வழக்கு. இப்ப நிக்கிற கோபுரம் 1930-கள்ல கட்டினது.

அங்க இருந்து மேல ஏறினா உச்சியில மறைமுதல்வர் (பல்கேரியத் திருச்சபைத் தலைவர்) வளாகமும் தேவாலயமும். அப்புறம் வடக்கே இறங்கி அரண்மனை. இடுப்பளவு அடித்தளச் சுவர்கள்தான் மிச்சம். மண்டபம் எது, கோயில் எதுன்னு பலகை பாத்து நிதானமா நடக்கணும். வடகோடியில துரோகிகளை ஆத்துக்குள்ள தள்ளின பாறை. 1300-ல மறைமுதல்வர் மூணாவது யோவாக்கிமையே துரோகக் குற்றம் சாட்டி இங்க இருந்துதான் தள்ளினாங்க. பாறை விளிம்புல எல்லா இடத்துலயும் கம்பி கிடையாது. காத்து பலமா அடிச்சா ஓரத்துக்குப் போகாதீங்க.

காலம் பிடிபட ஒரு கணக்கு: ரெண்டாம் பல்கேரியப் பேரரசுக்கு இந்த ஊர் தலைநகரா இருந்தது 1185-ல ஆசென், பீட்டர் சகோதரர்கள் கிளர்ச்சியில தொடங்கி, 1393 ஜூலை 17-ல உஸ்மானியத் துருக்கியர்கிட்ட இந்தக் கோட்டை விழுந்தது வரைக்கும். உச்ச காலம் ரெண்டாம் இவான் ஆசென், 1218 முதல் 1241 வரை. மதுரையில மாறவர்மன் முதலாம் சுந்தரபாண்டியன் ஆண்ட அதே காலம்.

மேலவாசல்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அம்மா எதுவரை வரலாம்?

சித்தாறு

மூணாவது வாசல் வரை அம்மா வரலாம். சாய்வு இருக்கு, ஆனா படி குறைவு. சிக்கல் தரைதான். உருண்டைக் கல் பாவின பாதை, கல்லுக்குக் கல் மட்டம் மாறும், தேஞ்சு வழுவழுன்னு இருக்கும். மழை பெஞ்சா நல்ல காலுக்கே வழுக்கும். தோல் செருப்பு ஆகவே ஆகாது. அடியில ரப்பர் பிடிப்புள்ள, குதிகாலை மூடின ஷூ போடச் சொல்லுங்க. கைத்தடி ஒண்ணு இங்க இருந்தே கொண்டுபோங்க, நுனியில ரப்பர் மூடி புதுசா இருக்கணும். முழங்கால் வலிக்காரங்களுக்கு ஏத்தத்தை விட இறக்கம்தான் வதைக்கும். அதனால "மெதுவா ஏறிறலாம்"னு உச்சி வரை கூட்டிட்டுப் போகாதீங்க, திரும்பி வரும்போது இருக்கு பாடு.

வாசல் பாத்ததும் அம்மாவும் ஒருத்தரும் திரும்பி, டாக்சியில அசெனோவா பகுதிக்கு இறங்கிரலாம். ஆத்தங்கரை ஓரம், நடை கம்மி. அங்க நாற்பது தியாகிகள் தேவாலயம் இருக்கு. 1230 மார்ச் 9-ல க்ளோகோத்னிட்சா போர்ல ஜெயிச்ச நினைவா இவான் ஆசென் கட்டினது. உள்ள இருக்கிற கல்தூண்ல போர் வெற்றியைச் சொல்லும் அவர் கல்வெட்டு இருக்கு. பக்கத்துல ஒம்பதாம் நூற்றாண்டு மன்னர் ஓமுர்தாக்கோட கல்வெட்டுத் தூணும். 1908-ல பல்கேரியா சுதந்திரத்தை அறிவிச்சதும் இதே தேவாலயத்துலதான். கல்வெட்டு பாக்கணும்னு அப்பா கேட்டா, கோட்டையை விட இங்கதான் அவருக்கு வேலை அதிகம். மத்த ரெண்டு பேரும் கோட்டை முடிச்சு இங்க வந்து சேர்ந்துக்கலாம்.

நிழல் கிடையாது, அக்டோபர்லயும் தொப்பி தண்ணி வேணும். காலையில திறந்ததும் உள்ள போங்க, சுற்றுலா பஸ் கூட்டம் வர்றதுக்கு முன்னால வாசல் பகுதி காலியா இருக்கும். ஊர்ப் பக்கம் நின்னு முழுக் கோட்டையையும் படம் எடுக்க சாயங்காலம்தான் சரி, மேற்கு வெயில் மதில் மேல நேரா விழும்.

பொருநைக்கரை

போக்குவரத்து, பணம் பத்தி நான் சொல்றேன்.

விசா: பல்கேரியா 2024 மார்ச் 31-ல விமான, கடல் வழிக்கும், 2025 ஜனவரி 1-ல தரை வழிக்கும் ஷெங்கன் பகுதிக்குள்ள (ஒரே விசாவுல போய்வர்ற ஐரோப்பிய நாடுகள் கூட்டு) வந்திருச்சு. அம்மா அப்பா ஜெர்மனிக்கு எடுக்கிற ஷெங்கன் விசாவே போதும். ஒற்றை நுழைவு விசாவா இருந்தாலும், ஜெர்மனியில இருந்து நேரா போனா இன்னொரு நுழைவா எண்ண மாட்டாங்க. ஆனா டிக்கெட் மலிவா இருக்குன்னு இஸ்தான்புல்ல இறங்கி தரை வழியாப் போனா ஷெங்கனை விட்டு வெளிய வந்த கணக்கு. திரும்ப நுழைய ஒற்றை நுழைவு விசா செல்லாது. இதுல தடுக்கி விழுறவங்க நிறைய. 180 நாள்ல 90 நாள்தான் தங்கலாம்கிற ஷெங்கன் கணக்குல பல்கேரிய நாட்களும் சேரும். மருத்துவக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, தங்குற நாள் முழுசுக்கும் இருக்கணும். உள்நாட்டுப் பயணம் மாதிரி பாஸ்போர்ட்டை அண்ணன் வீட்டுல வச்சிட்டுப் போயிராதீங்க, ஹோட்டல்ல கேட்பாங்க.

பணம்: 2026 ஜனவரி 1 முதல் யூரோதான். பழைய பயணக் குறிப்புகள்ல விலை பழைய நாணயமான லெவ் கணக்குல இருக்கும். ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ்னு நிலையான மாற்று, அதனால பாதியாக்கினா போதும். யாராவது மிச்சக் காசா லெவ் நோட்டு கொடுத்தா வாங்காதீங்க.

வழி: சோஃபியாவுல ரயில் நிலையத்தை ஒட்டியே மத்திய பஸ் நிலையம். அங்க இருந்து வெலிகோ தர்னோவோ 220 கிலோமீட்டர் வாக்குல, பஸ்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். வர்ணா போற பஸ் பலதும் அந்த ஊர் வழியா நிக்கும். ரயில்னா முக்கியப் பாதை கோர்னா ஒரியாகோவிட்சாவோட சரி, அங்க இறங்கி மாறணும். அம்மாவுக்கு பெட்டியோட படி ஏறி இறங்குறது வேணாம், பஸ்ஸே நல்லது. பஸ் பலகை சிரிலிக் எழுத்துல இருக்கும், ஊர் பேரை அந்த எழுத்துல ஃபோன்ல படமா வச்சுக்கோங்க. டாக்சியில ஏறுறதுக்கு முன்னால கண்ணாடியில ஒட்டின கட்டணச் சீட்டைப் பாருங்க.

பக்கத்து நாடான ருமேனியாவோட தலைநகர் புக்கரெஸ்ட்டுக்கு விமானம் மலிவா கிடைச்சா அதையும் யோசிங்க. டான்யூப் பாலம் தாண்டினா ரூசே, அங்க இருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். இப்ப எல்லைச் சோதனையும் இல்ல.

முக்கியமா ஒண்ணு: பழைய வழக்கப்படி அங்க ஆமான்னா தலையை இடவலமா ஆட்டுவாங்க, இல்லன்னா மேலும் கீழும். "இந்த பஸ் தர்னோவோ போகுமா?"ன்னு கேட்டு, தலையசைப்பை மட்டும் நம்பாம வாய்ச்சொல் வாங்குங்க. "தா"ன்னா ஆமா, "நே"ன்னா இல்ல.

கயத்தாறு

சித்தாறு சொன்ன வரிசை சரி. ஆனா ஒண்ணு சேர்க்கணும், ஏன்னா பாக்கப் போறவருக்கு வரலாற்றுல பிடிப்பு உண்டு. சாரெவெட்ஸ்ல கண்ணுக்கு எடுப்பாத் தெரியுற பலதும் இருபதாம் நூற்றாண்டு வேலை. மதில் சீரமைப்பு 1930-ல தொடங்கி 1981-லதான் முடிஞ்சுது. அந்த வருசம் பல்கேரிய அரசு தோன்றின 1,300-ஆம் ஆண்டு விழா. உச்சித் தேவாலயமும் அதை ஒட்டி எழுப்பினதுதான். உள்ள போனா பழைய தெய்வ ஓவியம் இருக்காது. தியோஃபான் சோகெரோவ் 1985 வாக்குல தீட்டின இருண்ட, கோணல்மாணலான நவீன ஓவியங்கள், பல்கேரிய வரலாறுதான் கரு. வழிபாடும் கிடையாது. தெரியாமப் போறவங்க ஏமாந்து ரெண்டு நிமிசத்துல வெளிய வந்துருவாங்க. தெரிஞ்சு போனா அரை மணி நேரம் நிக்க வைக்கும்.

நம்ம பாஞ்சாலங்குறிச்சியில 1974-ல எழுப்பின நினைவுக்கோட்டையைப் பாக்கிற கண்ணோடதான் இதையும் பாக்கணும். கட்டடம் புதுசு, இடம் பழசு. மீட்டுக் கட்டினதே தப்புன்னு சொல்றவங்க உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், வெறும் அடித்தளத்தை வச்சு அந்த வாசல் அமைப்பை யாரும் மனசுல கொண்டுவர முடியாது. ஆனா எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும். பொதுவா கல் வரிசை ஒரே அளவா, இடைவெளி நேரா, காரை வெளிறி அழுத்தமா இருந்தா புதுசு. அடி வரிசையில கல் அளவு மாறி மாறி, முனை மழுங்கி, காரை உதிர்ந்து நடுவுல பொடிக்கல் தெரிஞ்சா பழசா இருக்க வாய்ப்பு அதிகம். மதில் தலையில பல் பலா நிக்கிற ஞாயில்கள் மீட்டுக் கட்டினவை.

மெய்யாவே இடைக்காலக் கட்டடம் நிமிர்ந்து நிக்கிறதைப் பாக்கணும்னா ரெண்டாம் நாள் செர்வென் போங்க. ரூசேக்குத் தெற்கே 35 கிலோமீட்டர், செர்னி லோம் ஆத்து வளைவுக்கு மேல. பதினாலாம் நூற்றாண்டு மூணடுக்குக் கோபுரம், 12 மீட்டர் உயரம், இன்னும் நிக்குது. பால்ட்வின் கோபுரத்தை மீட்டுக் கட்ட இதைத்தான் மாதிரியா எடுத்தாங்க. ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பாத்தா மூலமும் நகலும் கையில இருக்கும். செர்வெனும் 1388-ல உஸ்மானியர் கையில விழுந்துச்சு. தெருக்கள், தேவாலய அடித்தளங்கள், பாறைக்குள்ள தண்ணிக்கு இறங்கின சுரங்க வழின்னு ஒரு நகரமே கிடக்கு. பொதுப் பஸ்ஸை நம்ப முடியாது, வாடகைக் கார்தான். அடிவாரத்துல இருந்து படி ஏறணும், அதனால அம்மா வர முடியாது. போற வழியில இவானோவோ குடைவரைத் தேவாலயங்கள், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அதுக்கும் படி உண்டு.

மேலவாசல்

அம்மாவை ஒரு நாள் முழுக்க அறையில உக்கார வைக்க மனசு வரல. அவங்களும் வர்ற மாதிரி வேற கோட்டை உண்டா?

கயத்தாறு

அப்ப செர்வெனை விட்டுட்டு ஆசென் கோட்டை போங்க. ப்ளோவ்டிவ்ல இருந்து 20 கிலோமீட்டர்ல அசெனோவ்கிராட், அந்த ஊருக்குத் தெற்கே மூணு கிலோமீட்டர் வாக்குல. வண்டி மலை மேல வரை போகும், மிச்ச ஏத்தம் கொஞ்சம்தான். கோட்டை அடித்தளமாத்தான் இருக்கு, ஆனா பாறை விளிம்புல ரெண்டடுக்கு மாதா தேவாலயம் கோபுரத்தோட நிக்குது. வண்டி நிக்கிற இடத்துல இருந்தே அம்மா அதைப் பாக்கலாம். இவான் ஆசென் இந்தக் கோட்டையை வலுப்படுத்தினதைச் சொல்ற 1231-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பாறையில வெட்டியிருக்கு. நாற்பது தியாகிகள் தூணைப் பாத்த மறுநாள் இதைப் பாத்தா அப்பாவுக்கு ஒரே அரசரோட ரெண்டு கல்வெட்டு. தர்னோவோவுல ரெண்டு ராத்திரி, ப்ளோவ்டிவ்ல ஒரு ராத்திரின்னு தங்கி, அங்க இருந்தே சோஃபியா திரும்பிரலாம்.

திருநெல்வேலி சைவச் சமையல்

சாப்பாட்டுக்கு மட்டும். தக்காளி, வெள்ளரி, மிளகாய் மேல வெள்ளைச் சீஸ் துருவின ஷோப்ஸ்கா சாலட் எங்கயும் கிடைக்கும். தராத்தோர்னு தயிர், வெள்ளரி, பூண்டு, வால்நட் சேர்த்த குளிர்ந்த சூப்பும் நல்லாருக்கும். பீன்ஸ் சூப், பருப்பு சூப் சைவம் மாதிரி தெரியும், ஆனா சில இடத்துல இறைச்சி போடுவாங்க, "பெஸ் மெசோ"ன்னு கேளுங்க, இறைச்சி இல்லாமன்னு அர்த்தம். காலையில பேக்கரியில விக்கிற பானிட்சாவுல சீஸோட முட்டை கலந்திருக்கும், அம்மா முட்டை சாப்பிடலன்னா வேண்டாம். "போஸ்த்னோ"ன்னு எழுதியிருந்தா விரத உணவு, பால் முட்டை இறைச்சி இருக்காது. மீன் மட்டும் கேட்டுக்கோங்க. கோட்டைக்குள்ள சாப்பாட்டை நம்பாதீங்க, பேக்கரியில ரொட்டியும் கடையில தயிர் டப்பாவும் வாங்கிப் பையில வச்சுக்கோங்க. இட்லிப் பொடியும் எண்ணெயும் கொண்டுபோறதா இருந்தா எண்ணெயைப் பெரிய பெட்டியில போடுங்க, கைப்பையில 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்க.

மேலவாசல்

எல்லாருக்கும் நன்றி. சாரெவெட்ஸ், அசெனோவா முதல் நாள், ஆசென் கோட்டை அடுத்து. ஒளி-ஒலிக் காட்சி அக்டோபர்ல உண்டா?

சித்தாறு

தினமும் கிடையாது. செப்டம்பர் 22 சுதந்திர தினம் மாதிரி விழா நாட்கள்லயும், குழுக்கள் பணம் கட்டிக் கேட்கிற ராத்திரிகள்லயும் நடக்கும். ஊருக்குப் போனதும் சுற்றுலாத் தகவல் நிலையத்துல அன்னைக்கு இருக்கான்னு கேளுங்க. நடந்தா கோட்டைக்கு முன்னால உள்ள சதுக்கத்துல நின்னே பாக்கலாம், ஏற வேண்டாம். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் கம்பளிச் சால்வையும் எடுத்துக்கோங்க, அக்டோபர் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ இறங்கும்.