குரோன் அறுவைக்குப் பின் நோய் திரும்புதல்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

மதுரையில் வசிக்கும் என் தம்பிக்கு (வயது 27) குரோன் நோயால் (குடலில் நீடித்த அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) குடலில் அடைப்பும் ஃபிஸ்டுலாவும் (குடலிலிருந்து வேறிடத்துக்கு உருவாகும் புரைவழி) ஏற்பட்டு, சென்ற ஆண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலின் தொடக்கத்தையும் அகற்றினார்கள். முதலில் குடல் காசநோய் என்று கருதி ஆறு மாத மருந்து கொடுத்ததில் பயனில்லை; பயாப்ஸிக்குப் பிறகே குரோன் என்று உறுதியானது.

புகைப்பழக்கம், ஃபிஸ்டுலா வகை நோய், இளம் வயது ஆகியவை நோய் திரும்பும் அபாயத்தைக் கூட்டுபவை என்று மருத்துவர் விளக்கினார். அம்மூன்றும் தம்பிக்கு இருந்தன. அறுவைக்குப் பின் அவன் சிகரெட்டை அறவே விட்டுவிட்டான், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோபிரின் மாத்திரையும் தவறாமல் எடுக்கிறான். ஆயினும் ஆறாம் மாதக் கொலோனோஸ்கோபியில் (கேமரா குழாயால் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை), குடலை இணைத்த இடத்துக்கு மேலே ஐந்துக்கு மேற்பட்ட சிறு புண்கள் தெரிந்தன. அறிக்கையில் ருட்கீர்ட்ஸ் மதிப்பெண் (அறுவைக்குப் பின் குடலில் நோய் எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை ஐ0 முதல் ஐ4 வரை குறிக்கும் அளவு) ஐ2 என்று உள்ளது. மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதமும் உயர்ந்திருக்கிறது.

வயிற்றுவலி இல்லை, எடையும் கூடியிருக்கிறது. காலையில் இருந்த வயிற்றுப்போக்கு பித்த உப்பால் வந்தது என்று கொலெஸ்டிரமின் கொடுத்தபின் குறைந்துவிட்டது. இவ்வளவு நலமாகத் தெரியும்போதே உள்ளே புண் வளர்வதுதான் எங்களைக் கலங்க வைக்கிறது. ஒரு மருத்துவர் அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசியை உடனே தொடங்கச் சொல்கிறார். இந்த ஊசி உடலில் மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பக்கூடும் என்பதால் அதற்கு முன் செய்யும் காசநோய்ப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. மற்றொருவர் அசதயோபிரினையே தொடர்ந்து மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து பார்க்கலாம் என்கிறார்.

அறிகுறி ஏதுமின்றி ஐ2 வந்த நிலையில், உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இவ்விரண்டில் எந்த வழியைத் தேர்ந்தீர்கள், அடுத்த கொலோனோஸ்கோபியில் என்ன தெரிந்தது?