முழுநிலவில் கேதார்காந்தா பனி முகாம்: கூடாரத்திற்குள் உறைபனி, எரியாத அடுப்பு – உதவி தேவை

கேள்வி:

வணக்கம். கோவையிலிருந்து ஒன்பது பேர் கொண்ட எங்கள் குழு, 2027 ஜனவரி 22 அன்று வரும் முழுநிலவை (அன்றுதான் தைப்பூசமும்) உத்தராகண்ட் மாநிலத்தின் கேதார்காந்தா மலையில், ஏறத்தாழ 11,000 அடி உயரத்து முகாமில் காணத் திட்டமிட்டிருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் அதே மலையில், 9,100 அடியிலுள்ள ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில் தங்கியபோது நேர்ந்த மூன்று தொல்லைகளுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

குளிர் புகக்கூடாதென்று எல்லா ஜிப்புகளையும் இறுக மூடிப் படுத்தோம். இரவில் பனி பெய்யவே இல்லை. ஆனாலும் விடியும்போது கூடாரத் துணியின் உட்புறம் முழுவதும் வெள்ளை மாவு தூவியதுபோல் உறைபனி படிந்திருந்தது. வெயில் பட்டதும் அது உருகி எங்கள் மீதே சொட்டியது. மாலையில் நன்றாக எரிந்த எரிவாயு அடுப்போ, குப்பியை ஆட்டினால் உள்ளே வாயு இருப்பது தெரிந்தும், காலையில் விளக்குத் திரி அளவுக்குக்கூட எரியவில்லை. மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிடப்பட்ட ஸ்லீப்பிங் பேக்கிற்குள் படுத்தும் முதுகு மட்டும் சில்லிட்டுப்போனது ஏன் என்பதும் விளங்கவில்லை.

பதில் 1:

உறைபனி வெளியிலிருந்து வந்ததன்று. அது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். போக வழியில்லாததால் குளிர்ந்த துணியில் படிந்து உறைந்திருக்கிறது. எவ்வளவு குளிராக இருந்தாலும், கூடாரத்தின் மேற்புறக் காற்றுவழியையும், காற்று வீசாத பக்கத்து வாயில் ஜிப்பில் ஒரு சாண் அளவையும் திறந்தே வையுங்கள்.

குப்பியிலுள்ள பியூட்டேன் வாயுவின் கொதிநிலை கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரி; உயரம் ஏற ஏற அது சற்றுக் குறையும் என்றாலும், கடுங்குளிரில் வாயு திரவமாகவே தங்கிவிடுவதால் அடுப்புக்கு அழுத்தம் கிடைப்பதில்லை. கடுங்குளிரிலும் ஆவியாகும் புரோப்பேன் கலந்த குப்பியை டேராடூனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் (விமானத்தில் எடுத்துச்செல்ல அனுமதி கிடையாது). இரவில் அதை அடுப்பிலிருந்து கழற்றி ஸ்லீப்பிங் பேக்கிற்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பையோ கரி நெருப்பையோ மட்டும் கூடாரத்திற்குள் ஒருபோதும் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. உறங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

முதுகு சில்லிடுவதற்குக் காரணம், உடல் எடையில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதுதான். அடியில் நுரைப் பாய் ஒன்று, அதன்மேல் காற்றுமெத்தை என இரண்டு அடுக்கு வேண்டும். பையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தாங்கும் எல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது நிம்மதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை என்று தனியாகக் குறித்திருப்பதை.

பதில் 2:

தேதியைப் பற்றி ஒரு சொல். குளிர்கால முழுநிலவு, சூரியன் கோடையில் செல்லும் உயரமான பாதையில் செல்வதால், நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். பனிப்பரப்பும் அந்த ஒளியைத் திருப்பியனுப்புவதால் திறந்தவெளியில் டார்ச்சே தேவைப்படாது. ஆனால் நிலவு தெளிவாகத் தெரியும் இரவு என்றால் மேகமற்ற இரவு. தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறுவதால் குளிரும் அன்றுதான் மிகும். முந்தைய இரவும் அடுத்த இரவும் ஏறத்தாழ இதே வெளிச்சம் கிடைக்கும் என்பதால், 22ஆம் தேதியையே பிடித்துக்கொண்டிராமல் 21 முதல் 23 வரை இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பனிப்பொழிவால், மலையேற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரி செல்லும் சாலை அடைபட்டால் அந்த இடைவெளிதான் கைகொடுக்கும்.

யாருக்கேனும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் (உயரத்தால் வரும் நோயின் அறிகுறி அது) அவரை உடனே கீழே இறக்கிவிட வேண்டும். உடன் இறங்கப்போகும் இருவர் யார் என்பதைக் கோவையிலேயே முடிவு செய்துவிடுங்கள். நிலவைப் பார்த்தபின் அப்படி முன்வருபவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரே கூடாரத்தில் நால்வர் படுத்ததோடு, ஈரச் சாக்ஸ்களையும் துண்டுகளையும் உள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தோம். காலையில் ஷூக்களும் கல்லாக இறுகிக் காலில் ஏறவில்லை. அதற்கு ஏதேனும் வழி உண்டா?

பதில் 1:

அந்தக் கயிற்றை இம்முறை எடுத்துச்செல்லாதீர்கள். ஈரச் சாக்ஸை நன்றாகப் பிழிந்து, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துப் படுத்தால் விடிவதற்குள் பெருமளவு உலர்ந்துவிடும். ஷூக்களின் கயிற்றை நன்றாகத் தளர்த்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இடைஞ்சலாகத்தான் இருக்கும், ஆனால் காலையில் காலில் ஏறும்.