முதியோருக்கான சுயதொழில் வகுப்பு: முதல் வாடிக்கையாளர் என்றதும் நின்றுவிடுகிறார்கள்

வருமானம் குறைந்த முதியவர்களுக்காக எங்கள் சமூகக் கூடத்தில் வாராவாரம் சுயதொழில் வகுப்பு நடத்துகிறோம். எல்லாரும் 60-ஐத் தாண்டியவர்கள். தையல், மரச்சாமான் பழுது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று ஆளுக்கொரு வேலை நன்றாகவே தெரியும். கணக்கெழுதப் பழகுகிறார்கள், விலை வைப்பதைப் பற்றி விவாதிக்கிறார்கள், ஆனால் முதல் வாடிக்கையாளரைத் தேடும் கட்டம் வந்ததும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள்.

சோம்பல் இல்லை, பயம். சம்பாதித்தால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று. நியாயமான பயம்தான், வருமான வரம்பு வைத்துத் தரும் உதவி, வரம்பைத் தாண்டினால் குறையும் அல்லது நிற்கும், தொழில் வருமானமோ ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. சேமிப்பு கரைந்தால் மறுபடி சேர்க்க வயதும் இல்லை.

வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியின் பாணியில் ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கலாம் என்றோம். ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று மறுத்துவிட்டார்கள். அப்புறம் தையல் இயந்திரம், கருவிகளை இரவல் கொடுத்தோம். முதலீட்டுப் பயம் குறைந்தது, உதவித்தொகைப் பயம் அப்படியே இருக்கிறது. ஆலோசகர் ஒருவரைப் பேச வைத்தோம். பொதுவாகப் பேசிவிட்டுப் போனார், ஒவ்வொருவர் நிலைமையும் வேறு என்பதால் யாருக்கும் தெளியவில்லை.

இப்படி வகுப்பு நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: உதவித்தொகைக்குப் பங்கம் வராமல், சின்ன அளவில் தொழிலைச் சோதித்துப் பார்க்கும் காலத்தை எப்படி அமைத்தீர்கள்?