சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: வெளிநாட்டு சைக்கிள் ஜெர்சியும் நம்ம தென்னாப்பிரிக்க கஸ்டம்ஸும்

ஓட்டைச்சங்கிலி, டர்பன்
அக்டோபர்ல அமஷோவா சைக்கிள் பந்தயம் ஓட்டப் போறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து டர்பன் வரைக்கும் 106 கிலோமீட்டர், பழைய சட்டையோட போக மனசு வரல. பிரிட்டன் தளம் ஒண்ணுல ஒரு ஜெர்சியும் பெடல்ல மாட்டுற ஒரு ஜோடி கிளீட் ஷூவும் எடுத்தேன். தளத்துல போட்டிருந்த விலை நம்ம காசுக்கு 7,200 ராண்ட். ஏற்றுமதிங்கிறதால அதுல சேர்த்திருந்த அவங்க ஊர் வாட்டை (மதிப்புக் கூட்டு வரி, 6,000-க்கு மேல 20%) கழிச்சு 6,000-க்கு வந்துச்சு. டெலிவரி இலவசம். அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.

பத்து நாள் கழிச்சு கூரியர்ல இருந்து பில். சுங்கவரியும் வாட்டும் சேர்ந்து 3,405. அதுக்கு மேல "கையாளும் கட்டணம்" 350. மொத்தம் 9,755. இதே ரெண்டும் நம்ம ஊர் கடையில 9,400. கடைசியா ஷூவைப் போட்டுப் பார்த்தா விரல் இடிக்குது.

இது நியாயமா? எங்கேயோ கணக்கு தப்பியிருக்கா?

மிட்ராண்ட்வாசி
கணக்கு சரிதான் தம்பி, அதான் கொடுமையே. ஜெர்சி 2,000-ன்னு வெச்சுக்குங்க. துணிக்கு சுங்கவரி 45%, அது 900. வாட் 15% தானேன்னு 2,000-க்குப் போடக் கூடாது. சரக்கு மதிப்போட 10% கூட்டணும், அப்புறம் சுங்கவரியையும் கூட்டணும்: 2,000 + 200 + 900 = 3,100. அதுல 15% வாட், 465. ஆக 1,365 ராண்ட். 2,000 ராண்ட் சட்டைக்கு 68 சதவீதத்துக்கும் மேல!

ஷூவுக்கு 30%. 4,000-க்கு 1,200 வரி, 840 வாட், மொத்தம் 2,040. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, உங்க 3,405 வந்துடும்.

அந்த 10% எதுக்குன்னா, நம்ம ஊர்ல சரக்கு மதிப்பை ஏற்றுமதித் துறைமுகத்து விலையில பார்க்குறாங்க, கப்பல் கூலி அதுல சேராது. அந்தக் கூலிக்குப் பதிலா வாட் போடும்போது ஒரு 10%. டெலிவரி இலவசம்னு தளம் சொன்னாலும் இந்த 10% இலவசம் இல்லை.

வரிக்கு மேல வரி. யாரைக் காப்பாத்த இது? லைக்ரா ஜெர்சி தைக்கிற தொழிற்சாலை உங்க தெருவுல இருக்கா?

டோங்காட் அக்கா
எங்க தெருவுல இல்லை, ஆனா எங்க வீட்ல இருந்துச்சு. எங்க அம்மா 19 வருஷம் டர்பன்ல ஒரு துணித் தொழிற்சாலையில காலர் தைச்சாங்க. விடியற்காலை பஸ், அலுமினிய டப்பாவுல ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும். எங்க பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரும் அதே பஸ்ஸுல. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எத்தனை பிள்ளைங்க அந்தக் கூலியில படிச்சு வந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க. 1995-க்கு அப்புறம் துணி வரியைப் படிப்படியா இறக்கி 40%-க்குக் கொண்டு வந்தாங்க. அந்த வருஷங்கள்லதான் அம்மா வேலை செஞ்ச இடத்துல ஒரு வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினாங்க. அம்மா கத்தரிக்கோலை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாங்க. இன்னும் சமையலறை இழுப்பறையில இருக்கு.

உங்களுக்கு 1,365 ராண்ட் வலிக்குது, சரி. அந்த வலியை யாரும் இல்லைன்னு சொல்லலை.

மிட்ராண்ட்வாசி
அக்கா, உங்க அம்மா கதையை நான் தள்ளி வைக்கலை. ஆனா நீங்களே வழி விட்டுட்டீங்க. 40%-ன்னாலும் அது பெரிய சுவர்தானே? அந்தச் சுவர் இருந்தப்பவே தொழிற்சாலை போச்சு. 2007, 2008-ல சீனத் துணிக்கு இவ்வளவுதான் வரலாம்னு கோட்டா போட்டுப் பார்த்தாங்க. 2009-ல பல துணி வகைக்கு 45-க்கு ஏத்தினாங்க. மூடின கதவு திறந்துச்சா? கொஞ்சம் வேலை பக்கத்து நாடு லெசோத்தோவுக்குப் போச்சு, அங்கிருந்து வர்றதுக்கு நம்ம சுங்க ஒன்றியத்துல வரியே கிடையாது. வரியைக் கட்டுறது நான், பலன் யாருக்குன்னு தெரியலை.

டோங்காட் அக்கா
திறக்கலை, ஒத்துக்கிறேன். ஆனா மிச்சம் இருக்குறதாவது இருக்கே. கேப்டவுன்ல சியோவிட்டா இன்னும் சைக்கிள் துணி தைக்கிறாங்க. 45-ஐ எடுத்துட்டா அதுவும் எத்தனை நாளைக்கு? வெள்ளம் வந்து பாதி வீடு போச்சுன்னு மிச்சக் கரையை நாமே வெட்டி விடுவோமா?

பெடல் மெக்கானிக், ஃபீனிக்ஸ்
நடுவுல வரேன், ஆனா நடுநிலையா இல்லை. நான் சைக்கிள் கடை வெச்சிருக்கேன். முழு சைக்கிளுக்கு 15% வரி, அதுவே வாட்டோட சேர்ந்து 33.75% ஆயிடும். நானும் அந்த விலையிலதான் ஆரம்பிக்கிறேன். அதுக்கு மேல கடை வாடகை, ஒரு வருஷம் விக்காம நிக்குற அளவுகள், ராண்ட் விழுறது. அப்புறம் வாடிக்கையாளர் வந்து என் கடையில ஷூவைப் போட்டுப் பார்த்து, அளவைக் குறிச்சுக்கிட்டு, வெளியே போய் போன்ல ஆர்டர் போடுவார். கண்ணாடி வழியா எனக்குத் தெரியும்.

ஓட்டைச்சங்கிலி தம்பி, நீங்க அப்படியும் பண்ணலை, அளவே பார்க்காம வாங்கியிருக்கீங்க. அதுக்குப் பாராட்டா திட்டா தெரியலை.

மிட்ராண்ட்வாசி
துணி, ஷூ விஷயத்துல உங்களோட சண்டை இல்லை அண்ணே, அதை இங்கேயே வாங்கிக்கிறேன். பாகங்களுக்கு என்ன சொல்றீங்க? போன மாசம் கியர் செட் 8,000-க்கு வரவழைச்சேன். பில்லுல சுங்கவரி வரிசையில பூஜ்யம். வாட் மட்டும் 1,320, அதாவது 16.5%. கையில வந்து சேர்ந்தப்ப பத்தாயிரத்துக்குள்ள. இங்கே கேட்ட விலை 12,500. காப்பாத்த ஒரு தொழிற்சாலையும் இல்லை, வரியும் இல்லை, அப்புறம் அந்த மூவாயிரம் எங்கே போகுது?

பெடல் மெக்கானிக், ஃபீனிக்ஸ்
ஒரு பகுதி விநியோகஸ்தருக்கு, ஒரு பகுதி எனக்கு. மறைக்கலை. ஆனா அந்த கியர் ஷிஃப்டர் மூணாவது மாசம் கிளிக் பண்ணாம நின்னா என்ன பண்ணுவீங்க? இங்கே வாங்கினா 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாசத்துக்குள்ள பழுதான பொருளைத் திருப்பித் தரலாம். பழுது பார்க்கிறதா, புதுசா, பணமான்னு நீங்க சொல்லணும், நான் கேட்கணும். அங்கே அனுப்பினா போற கூலி உங்களது. கட்டின வாட்டைத் திரும்ப வாங்க விண்ணப்பம், ஏற்றுமதிச் சான்று... நானே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாதியில விட்டவன்.

மேசைமலை, கேப்டவுன்
ஏன் இவ்வளவு சண்டை? சென்னையில இருக்குற சித்தப்பா மகனை விட்டு "அன்பளிப்பு"ன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க. இன்வாய்ஸ்ல 300 ராண்டுன்னு போட்டா முடிஞ்சுது.

பெடல் மெக்கானிக், ஃபீனிக்ஸ்
முடியும் தம்பி, சரக்கே முடிஞ்சுடும். அன்பளிப்புக்கு விதி இருக்கு: ஒரு பொட்டலம் 1,400 ராண்டுக்கு மேல போகக் கூடாது, ஒருத்தருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவைதான். அதுவும் தனி ஆள் தனி ஆளுக்குக் கேட்காம அனுப்பினதா இருக்கணும். காசு கொடுத்து வாங்கச் சொன்னது அன்பளிப்பு ஆகாது. 4,000 ராண்ட் ஷூவுக்கு 300-ன்னு எழுதினா அது பொய் அறிவிப்பு. 1964-ஆம் வருஷத்து சுங்கச் சட்டத்துல பறிமுதலும் உண்டு, அபராதமும் உண்டு. அந்த அதிகாரி கையிலயும் போன் இருக்கு, பெட்டி மேல இருக்குற பேரைத் தட்டினா விலை வந்துடும்.

சின்னப் பொட்டலத்துக்கும் இப்ப பழைய சலுகை இல்லை. 500 ராண்டுக்குள்ளன்னா முன்ன 20% மட்டும் வாங்கிட்டு விட்டாங்க. ஷீன், டெமு மாதிரி ஆன்லைன் கடைப் பொட்டலம் மலையா குவிஞ்சதும் 2024 செப்டம்பர் 1 முதல் அதுக்கும் வாட் சேர்த்துட்டாங்க.

டோங்காட் அக்கா
குறுக்கு வழியைச் சொல்றவங்களுக்கு நேர் வழியே தெரியறதில்லை. இத்தாலியிலேயே தைச்ச ஜெர்சின்னா 45 இல்லை, 20%தான். 2016-ல ஐரோப்பிய ஒன்றியத்தோட போட்ட ஒப்பந்தம். 2,000-க்கு வரி 400, வாட் 390, மொத்தம் 790. தம்பி கட்டினது 1,365. ஆனா தயாரான நாட்டை விற்பவர் இன்வாய்ஸ்ல உறுதிமொழியா எழுதித் தரணும்.

ஓட்டைச்சங்கிலி, டர்பன்
அக்கா, என்னுது பிரிட்டன்ல இருந்துதானே வந்துச்சு? அவங்களோடயும் ஒப்பந்தம் இருக்குன்னு படிச்சேனே.

டோங்காட் அக்கா
2021-ல இருந்து இருக்கு. ஜெர்சி உள்பக்கம் கழுத்துப் பட்டையைப் பாருங்க.

ஓட்டைச்சங்கிலி, டர்பன்
"மேட் இன் சைனா". ஷூ நாக்குல "வியட்நாம்".

டோங்காட் அக்கா
அவ்வளவுதான். எங்கிருந்து கிளம்புச்சுங்கிறது கணக்குல இல்லை, எங்கே தைச்சாங்கங்கிறதுதான் கணக்கு.

மிட்ராண்ட்வாசி
அக்கா வரியை ஆதரிச்சுட்டு வரி குறைக்கிற வழியும் சொல்றாங்க பாருங்க. :)

டோங்காட் அக்கா
சட்டம் கொடுத்த வழி. அம்மா இருந்தா இதுக்கும் திட்டுவாங்கதான்.

மேசைமலை, கேப்டவுன்
சரி, 300 ராண்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். என் மச்சான் டிசம்பர்ல லண்டன்ல இருந்து வர்றார், அவர் பெட்டியில வெச்சு எடுத்துட்டு வந்தா?

பெடல் மெக்கானிக், ஃபீனிக்ஸ்
அவரோட சொந்தப் பொருளா, இல்லை அவர் கொடுக்குற பரிசா இருந்தா 5,000 ராண்ட் வரைக்கும் வரி இல்லை. அதுக்கு மேல இன்னொரு 20,000-க்கு ஒரே விகிதமா 20% கட்டிட்டு வரலாம். விமான நிலையத்துல சிவப்பு வழியில போய்ச் சொல்லிட்டு வரச் சொல்லுங்க. பச்சையில நழுவ வேண்டாம்.

ஓட்டைச்சங்கிலி, டர்பன்
எல்லாருக்கும் நன்றி. யார் பக்கம்னு இன்னும் முடிவு பண்ணலை, அக்கா சொன்ன கத்தரிக்கோல் மனசுலயே நிக்குது, மிட்ராண்ட் அண்ணன் கேட்ட மூவாயிரமும் நிக்குது. இப்போதைக்கு என் கஷ்டம் வேற. ஷூ 43, எனக்கு 44 வேணும். திருப்பி அனுப்பக் கூலி கேட்டேன், 900 சொல்றாங்க. ஒரு தடவைகூட ரோட்டுல போடலை. யாருக்காவது 43 வேணுமா? 4,000-க்கு வாங்கினது, வரியோட 6,040.

டோங்காட் அக்கா
என் பையனுக்கு 43தான். ஆனா வரியை என்கிட்ட வசூல் பண்ணாதீங்க தம்பி, 4,000 தர்றேன்.

மிட்ராண்ட்வாசி
அக்கா!! 45% வேணும்னீங்க!

டோங்காட் அக்கா
அது துணிக்கு. இது ஷூ.