பேரிங் மாற்றிய பிறகு கிராங்க் இறுக்கமாகச் சுற்றுகிறது – யெஸ்டி ரோட்கிங்

பவானிக்காரன்:
அப்பாவின் 1984 ரோட்கிங் பைக். ஒரு மாதமாக என்ஜின் அடியில் 'கொர்ர்' என்று ஒரு சத்தம், நியூட்ரலில் வைத்து ரேஸ் செய்தாலும் கேட்டது. கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது என்றார்கள், என்ஜினை இறக்கினோம். பட்டறையில் புது பேரிங்கை என்ஜின் கேஸ் (அடிக்கூடு) வாயில் வைத்து, மேலே ஒரு பைப் துண்டு வைத்து, சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். பாதியில் சாய்ந்து சிக்கிக்கொண்டது, அப்போது இன்னும் ஓங்கி அடித்ததை நானே நின்று பார்த்தேன். இப்போது இரண்டு கேஸையும் சேர்த்து முடுக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறது, நடுநடுவே நெருடுகிறது. "ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்" என்கிறார் மெக்கானிக். பிளாக்கை மாட்டி ஓட்டலாமா, திரும்பப் பிரிக்க வேண்டுமா?

லேத்து அண்ணன்:
ஓட்டாதீர்கள் தம்பி. புது பிஸ்டன் ரிங் ஓட ஓட செட் ஆகும், பேரிங் அப்படி ஆகாது, மோசமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்தப் பைப் எந்த ரேஸின் (பால்கள் உருளும் வளையம், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று) மேல் உட்கார்ந்திருந்தது? கேஸுக்குள் இறுக்கமாகப் போவது வெளி ரேஸ், அதனால் தள்ளுவதும் வெளி ரேஸைத்தான் தள்ள வேண்டும். உள் ரேஸில் வைத்து அடித்தால் அடி முழுவதும் பால் வழியாகத்தான் வெளி ரேஸுக்குப் போகும், ஒவ்வொரு பாலும் ரேஸில் ஒரு சின்னப் பள்ளம் போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நீங்கள் சொல்கிற நெருடல் அதுவாகத்தான் இருக்கும்.

இறுக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். கிராங்க் ஒரு பக்கமாக இழுபட்டு இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெரிபட்டாலும் இப்படித்தான் சுற்றும். செம்புச் சுத்தியலால் கிராங்க் முனையில் லேசாக ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். உடனே லேசாகிவிட்டால் அந்த இறுக்கம் நெரிசலால் வந்தது. ஆனால் நெருடல் அப்படியே இருந்தால் பேரிங் போச்சு, பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று, பேரிங் மேல் சி3 என்று இருக்கிறதா? எண் மட்டும் இருந்தால் அது சாதா கிளியரன்ஸ், அதாவது பாலுக்கும் ரேஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி; சி3இல் அது கொஞ்சம் அதிகம். கிராங்க்குக்குச் சி3 வாங்குங்கள். கேஸ் வெளியிலிருந்து நெருக்கும், கிராங்க் உள்ளிருந்து விரிக்கும், ஓடும்போது உள் ரேஸ் அதிகமாகச் சுடும், இத்தனைக்கும் பிறகு பாலுக்குக் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். மைசூர் ஃபேக்டரி 1996இல் நின்றுவிட்டதே என்று 'யெஸ்டி பேரிங்' தேடி அலையாதீர்கள். பழையதில் உள்ள எண்ணைக் காட்டினால் எந்தப் பேரிங் கடையிலும் தருவார்கள். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 6305 என்றால் 25 மி.மீ. ரப்பர் மூடி போட்டது வேண்டாம், பெட்ரோலோடு வரும் ஆயில் உள்ளே போகாது.

கேரேஜ் கண்ணன்:
அண்ணன் சொன்னது சரி. மாட்டும் முறையை நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அடித்து இறக்கி ஒரு கேஸை ஓவல் ஆக்கியவன்தான்.

கேஸ் அலுமினியம், பேரிங் ஸ்டீல். அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 62 மி.மீ. துளையை 30 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.12 மி.மீ. அளவுக்குப் பெரிதாகும், பேரிங்கின் பிடிப்போ அதைவிட மிகக் குறைவு. கேஸை டீசலில் நன்றாகக் கழுவி, ஆயில் சீலைக் கழற்றிவிட்டு, ஓவனில் 120இல் முக்கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர்ச் சொட்டு விட்டால் சுர்ரென்று துள்ள வேண்டும். பழைய பேரிங் இருந்தால் கேஸை ஒரு மரப்பலகையில் குப்புறத் தட்டுங்கள், தானாக விழும். புதியதை முந்தின இரவே கவரில் சுற்றி ஃப்ரீசரில் போட்டிருங்கள். கேஸ் ஆறுவதற்குள் நேராக வைத்தால் அதன் கனத்திலேயே உட்காரும். பழைய ரேஸைத் தூக்கிப் போடாதீர்கள், வெளிவிட்டத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து வைத்தால் மேலே வைத்து அமுக்க அதைவிட நல்ல டூல் கிடையாது.

நெருப்பு டார்ச் வைத்து ஒரே இடத்தில் காட்டாதீர்கள், என்ஜின் கேஸ் கோணும்.

ஆர்எக்ஸ் பாய்:
இவ்வளவு எதற்கு? பேரிங் லூஸாக உட்கார்ந்தால் கேஸுக்குள் சுற்றிலும் நாலு பஞ்ச் அடித்தால் கும்மென்று பிடிக்குமே. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

லேத்து அண்ணன்:
பிடிக்கும் தம்பி, கொஞ்ச நாள். பஞ்ச் அடித்த இடத்தில் எழும்பும் நாலு முனையில்தான் பேரிங் நிற்கும், அது தேய்ந்ததும் ரேஸ் கேஸுக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு துளைக்குள் ஸ்லீவ் (உள் வளையம்) அடிப்பதைத் தவிர வழியில்லை. அவருக்கு இறுக்கப் பிரச்சினை, லூஸ் பிரச்சினை இல்லை. லேசாக லூஸ் என்றால் பேரிங்குக்கென்று வரும் லாக்டைட் பசை போதும், அதிகம் என்றால் லேத்தில் ஸ்லீவ்.

கிராங்க்கை உள்ளே ஏற்றும்போதும் அடிக்காதீர்கள் பவானிக்காரரே. இந்தக் கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது, முனையில் ஓங்கி அடித்தால் கிராங்க்கின் வீல் கோணிவிடும். உள் ரேஸைச் சூடாக்கி, முனையின் மரையைப் பிடித்து ஒரு பைப்பும் நட்டும் வைத்து இழுங்கள். அதற்கு முன் வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்துச் சுற்றி, கோணல் இருக்கிறதா என்று டயல் கேஜில் பார்த்துவிடுங்கள்.

பவானிக்காரன்:
பிரித்தாகிவிட்டது. தட்டிப் பார்த்ததில் இறுக்கம் பாதி குறைந்தது, நெருடல் போகவில்லை. பேரிங்கை வெளியே எடுத்து விரலில் சுற்றினேன், இடது பக்கத்துப் பேரிங் சீரான இடைவெளியில் 'டக் டக்' என்கிறது. பால்களைப் பிடித்திருக்கும் கூண்டை அறுத்துப் பார்த்தால் உள் ரேஸில் வரிசையாக மங்கலாகப் புள்ளி. சி3 என்றும் இல்லை. கேஸ் துளை நல்லவேளையாக உருண்டையாகவே இருக்கிறது.

புதியது இரண்டு சி3 வாங்கி நேற்று கண்ணன் சொன்னபடி செய்தேன். முதலாவது 'டொக்' என்று அடிவரை இறங்கிவிட்டது, கையைக் கூட வைக்கவில்லை. இரண்டாவதை எடுக்கும்போது ஃபோன் வந்து அரை நிமிடம் போனதில் கேஸ் ஆறி நடுவில் நின்றுவிட்டது. சுத்தியலைத் தொடவில்லை, திரும்ப ஓவனில் வைத்து எடுத்தேன். நாளைக்குக் கிராங்க்கை லேத்துக்குக் கொண்டு போகிறேன், டயல் கேஜில் எவ்வளவு காட்டினால் விடலாம்?

லேத்து அண்ணன்:
0.03 மி.மீ.க்குள் இருந்தால் மாட்டிவிடுங்கள். 0.05ஐத் தாண்டினால் அங்கேயே நேர் செய்யச் சொல்லுங்கள். சீலும் இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள், பழைய சீலைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள், அது வழியாகக் காற்று இழுத்தால் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரில் பிடித்துவிடும்.