பழைய கம்பெனி பிஎஃப்: எடுத்துவிடலாமா, மாற்றிக்கொள்ளலாமா?

பெருமாநல்லூர்க்காரி:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 3 வருஷம் 8 மாசம் செக்கிங்கில் இருந்தேன். மாசியில் நின்றுவிட்டுப் பங்குனியில் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். இங்கேயும் பிஎஃப் பிடிக்கிறார்கள், யுஏஎன் நம்பர் (எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்) அதேதான். பழைய பாஸ்புக்கில் என் பங்கும் கம்பெனி பங்கும் சேர்த்து 94,000 சொச்சம், பென்ஷன் பத்தியில் தனியாக 44,000. வீட்டுக்காரர் கறவை மாடு ஒன்று பார்த்து, 5,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பிரவுசிங் சென்டரில் 2,000 கொடுத்தால் முழுசா எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பழைய கம்பெனி நான் நின்ற தேதியையே இன்னும் ஏற்றவில்லை. மூன்று தடவை போயும் "அடுத்த வாரம் வாங்க"தான். வயது 41. என்ன செய்யட்டுமுங்க?

சோமனூர் தறிக்காரர்:
எடுக்காதீங்க அம்மிணி. மில்லில் 7 வருஷம் இருந்துவிட்டு நின்றபோது 10சி படிவம் எழுதிக் கொடுத்துப் பென்ஷன் காசையும் வாங்கினேன். போர்வெல்லுக்கு மோட்டார் இறக்கினேன், கோடையில் தண்ணியே இல்லை. அடுத்த மில்லில் சர்வீஸ் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாச்சு. இன்றைக்கும் அது மனசில் கிடந்து உறுத்துகிறது.

பவானி அக்கவுண்டன்ட்:
மில் ஆபீஸில் 18 வருஷமாகப் பிஎஃப் வேலை பார்க்கிறேன். கணக்கை முடித்து வாங்கும் படிவம் 19, பிஎஃப் உள்ள வேலையில் இல்லாதவர்களுக்குத்தான். நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள், அதனால் பிரவுசிங் சென்டர் பேச்சை விடுங்கள். 5 வருஷம் ஆகாமல் 50,000க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தமும் உண்டு. மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேர்த்தே எண்ணப்படும்.

நின்ற தேதியை ஏற்றச் சொல்லிக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டாம். கடைசியாகப் பணம் கட்டி 2 மாசம் ஆனால் நீங்களே யுஏஎன் தளத்தில் 'மார்க் எக்ஸிட்' போடலாம். ஆதாரில் உள்ள செல்லுக்கு ஓடிபி வரும். கடைசிப் பணம் கட்டிய மாசத்துக்குள் வரும் தேதியாகவே போடுங்கள். ஒருமுறை போட்டால் திருத்துவது லேசில்லை. அப்புறம் 'ஒன் மெம்பர் ஒன் இபிஎஃப் அக்கவுண்ட்' வழியாக மாற்றக் கேளுங்கள். காசு ஒன்றும் கிடையாது.

மாறியபின் புதுப் பாஸ்புக்கில் அந்த 44,000 தெரியாது. எத்தனையோ பெண்கள் இதைப் பார்த்து அழுதுகொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். பணம் போகவில்லை, பென்ஷனில் சர்வீஸ்தான் நகரும். 10 வருஷம் முடிந்தால் 58 வயதில் பென்ஷன். சம்பளம் 12,000 என்றே வைத்தாலும் 10ஆல் பெருக்கி 70ஆல் வகுங்கள்: மாசம் 1,714 ரூபாய், ஆயுசு முழுக்க. உங்களுக்கு இன்னும் 6 வருஷம் 4 மாசம்தான் பாக்கி. மாட்டுக்குப் பால் சொசைட்டியில் கடன் கேளுங்கள்.

பெருமாநல்லூர்க்காரி:
ஓடிபி வந்து தேதி ஏறிடுச்சுங்க அண்ணா. நாளைக்கு மாற்றக் கேட்கிறேன். வீட்டுக்காரரிடம் 1,714 கணக்கைக் காட்டினேன். தாளை வாங்கி அவரே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். காலையில் சொசைட்டிக்குப் போகிறாராம்.